டெக்ஸா ஸ்கேன்: ஒரு இடுப்பா, இரண்டுமா?

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனைப் பல மையங்கள் 'முதுகுத்தண்டு, ஒரு இடுப்பு' என்றுதான் தருகின்றன. விதிப்படி அது போதும். ஆனாலும் 65 தாண்டிய பெண்களுக்கு இரண்டு இடுப்பையும் எடுப்பதே மேல். கூடுதலாக ஆவது சில நிமிடம்தான், கதிர்வீச்சும் சொற்பம்.

டி-ஸ்கோர் (உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) −2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. இடப்பக்கம் −2.3, வலப்பக்கம் −2.6 என்றிருந்தால், இடப்பக்கம் மட்டும் எடுத்தவருக்கு 'ஆஸ்டியோபீனியா' (எலும்புப்புரை அளவுக்குப் போகாத அடர்த்திக் குறைவு) என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். முதுகுத்தண்டு காட்டிக்கொடுக்குமே என்றால் அதுவும் சந்தேகம்தான்: தேய்மானத்தில் வளரும் எலும்பு முட்களும் பெருந்தமனியில் படியும் கால்சியமும் எண்ணை உயர்த்திக் காட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்கு முன் படத்தைப் பாருங்கள். காலை 15 முதல் 25 டிகிரி உள்பக்கம் திருப்பியிருந்தால், தொடையெலும்பின் உள்ளோரச் சிறு மேடு லேசாகத்தான் தெரியும். அது பெரிதாகத் துருத்திக்கொண்டு நின்றால் திருப்பியது போதவில்லை. தொடையெலும்பின் கழுத்துப் பகுதி குறுகிப் பதிந்து, அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாக வரும். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. 'வார்ட்ஸ்' (தொடையெலும்பின் கழுத்திலுள்ள ஒரு சிறு பகுதி) என்ற வரியில் எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பயம் வேண்டாம். இடுப்பைப் பொறுத்தவரை தொடையெலும்புக் கழுத்து, மொத்த இடுப்பு இரண்டில் குறைந்ததே கணக்கு.

மாற்று மூட்டு வைத்த பக்கத்தை எடுத்துப் பயனில்லை. கால்சியம் மாத்திரையை முந்தின நாளே நிறுத்தவும். அடுத்த முறையும் அதே மெஷின், அதே பக்கம். முகாம்களில் குதிகாலில் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் இதற்கு ஈடாகாது.