ஆர்.ஏ. ஃபேக்டரா, ஆன்டி சிசிபியா?

விரல் கணுக்கள் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரமானாலும் விடவில்லை என்றால், முடக்குவாதமா (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) என்று பார்க்க டாக்டர் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்த டெஸ்ட்தான். அக்காவுக்கும் அப்படித்தான். நாங்கள் கேட்டு, அதே நோய்க்கான ஆன்டி சிசிபி என்ற இன்னொரு ரத்த டெஸ்டும் எடுத்தோம். ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் ஆன்டி சிசிபி என்பேன்.

இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்த டெஸ்டுகள் இரண்டும் உடலில் அழற்சி இருப்பதைச் சொல்லும், எதனால் என்று சொல்லாது. இந்த ஒப்பீட்டில் அவற்றை விட்டுவிடலாம்.

முடக்குவாதம் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய எழுபது பேரை இரண்டு டெஸ்டுமே காட்டிவிடும். வித்தியாசம் நோய் இல்லாதவர்களிடம்தான். ஹெபடைடிஸ் சி, காசநோய், ஷோக்ரன் நோய் (கண்ணும் வாயும் உலர்ந்துபோவது), வெறும் வயோதிகம் என்று எதிலும் ஆர்.ஏ. ஃபேக்டர் ஏறலாம். அக்காவுக்கு அது வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. எழுபது வயது அம்மாவுக்கும் அதே அளவுதான். ஆனால் அவருக்கு முழங்கால் தேய்மானம் மட்டுமே. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தால் யார் நோயாளி என்றே தெரியாது. அக்காவின் சிசிபி பல மடங்கு எகிறியிருந்தது, அம்மாவுக்கு நெகட்டிவ். காசநோயில் சிசிபியும் சில சமயம் ஏமாற்றும் என்றாலும், மொத்தத்தில் அதன் தவறு ஆர்.ஏ. ஃபேக்டரைவிடக் குறைவு.

இது ஏன் முக்கியம்? பாசிட்டிவ் வந்து முடக்குவாதம் என்று முடிவானால் அடுத்தது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, அதோடு கல்லீரல் டெஸ்டுகள். சிக்குன்குனியாவுக்குப் பின் வலிக்கும் மூட்டுக்கு அவசரப்பட்டு முடக்குவாதம் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. உண்மையான நோயாளிக்கோ தாமதம்தான் ஆபத்து. எலும்பு அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடலாம், சிசிபி பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அது அதிகம்.

ஆர்.ஏ. ஃபேக்டருக்கும் சாதகம் உண்டு: மலிவு, சின்ன லேபிலும் கிடைக்கும். முடக்குவாதத்துக்கான 2010 சர்வதேச வரையறையில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான்: வரம்பைத் தாண்டினால் 2, மூன்று மடங்குக்கு மேல் போனால் 3. முடக்குவாதம் என்று வகைப்படுத்த மொத்தம் பத்தில் ஆறு வேண்டும்.

இரண்டுமே நெகட்டிவ் வந்து, வீக்கம் மட்டும் தொடர்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு நோய் நிபுணர்) கணுவை அழுத்திப் பார்த்துச் சொல்வதையே நம்புவேன். சிசிபி விலை சில மடங்கு அதிகம்தான். ஆனால் ஒருமுறை தெளிவாகப் பாசிட்டிவ் வந்துவிட்டால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, டாக்டர் மூட்டைப் பார்ப்பதோடு இஎஸ்ஆர், சிஆர்பிதான் உதவும்.