கல்யாணத் திரைக்கும் கோயில் திரைக்கும் ஆப்பிள் மோஷன்: கீபிரேம் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் கல்யாணமோ, தோட்டத்துக் கோயில் திருவிழாவோ, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவோ, எது நடந்தாலும் இப்போது மேடைக்குப் பின்னால் ஒரு எல்இடி திரை நிற்கிறது. அந்தத் திரையில் ஓடுகிற படத்தைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை, அதற்கு நான் அன்றாடம் திறப்பது ஆப்பிள் மோஷன் என்ற அசைபட மென்பொருள். மென்பொருள் முழுவதையும் பற்றி இங்கே எழுதவில்லை. கீபிரேம் (இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்று கையால் வைக்கிற புள்ளி) வைத்தே கை ஓய்ந்துபோனவர்களுக்கு, அதிலுள்ள பெராமீட்டர் பிஹேவியர்கள், அதாவது ஒரு மதிப்பைத் தானாகவே அசைக்கிற கருவிகள், எவ்வளவு கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பது மட்டும்தான்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-ல் மோஷன் 5 மேக் ஆப் ஸ்டோருக்கு வந்தபோது 49.99 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். ஆடி மாதம் முழுக்கக் கல்யாணமே இல்லாமல் போகிற நம் தொழிலுக்கு இப்படி வாங்குவதுதான் சரிப்பட்டு வரும், மாதச் சந்தா கட்டுப்படியாகாது. ஆனால் மேக் இல்லாதவர்களுக்கு இதில் வழியே இல்லை, விண்டோஸில் இது ஓடாது.

சரி, வேலைக்கு வருவோம். மாவிலைத் தோரணம் காற்றில் ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலைக்கும் இடம், வலம், இடம், வலம் என்று கீபிரேம் வைத்தால் பொழுது போய்விடும். மோஷனில் ஒரு இலையைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டர் என்ற அமைப்புப் பலகையில் ரொட்டேஷன் (சுழற்சி) வரிமேல் ரைட் கிளிக் செய்து, முன்னும் பின்னும் ஆட்டுகிற ஆசிலேட் பிஹேவியரைச் சேர்த்தால் அந்த வரியில் ஒரு சின்னப் பல்சக்கரம் தோன்றும், இலை ஆடத் தொடங்கிவிடும். ஆம்ப்ளிட்யூட் (ஆட்டத்தின் அளவு) நான்கைந்து டிகிரி போதும், அதற்கு மேல் போனால் தோரணம் ஊஞ்சல் மாதிரி ஆகிவிடுகிறது. இலை எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த ஆங்கர் பாயிண்டை இலையின் காம்புக்கு நகர்த்த மறக்க வேண்டாம், நடுவிலேயே விட்டால் இலை காற்றாடி போலச் சுற்றும். அப்புறம் அந்த இலையைப் பிரதி எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஆட்டம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் ஃபேஸ் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தால், காற்று ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவது அப்படியே தெரியும். கீபிரேமில் இதைக் கொண்டுவர நான் பட்ட பாட்டை நினைத்தால், இந்த ஒரு பிஹேவியருக்கே கொடுத்த காசு தகும்.

ஆசிலேட்டின் வேகம் நிமிடத்துக்கு எத்தனை ஆட்டம் என்ற கணக்கில் வரும். திரைக்குக் கொடுக்கிற படம் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடுமாதலால் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். 20 விநாடிப் படத்துக்கு வேகம் 6 என்றால் சரியாக 2 முழு ஆட்டம், முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும். 7 என்று வைத்தால் ஆட்டம் பாதி வழியில் அறுந்து, 20 விநாடிக்கு ஒரு தடவை தோரணம் வெட்டி இழுக்கும். மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் கண்ணுக்குக்கூட அது தப்பாது.

குத்துவிளக்குச் சுடருக்கு, ஒழுங்கில்லாமல் அசைக்கிற ரிக்கிள் பிஹேவியர் நன்றாக வருகிறது. ஒபாசிட்டியை (படம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்ற அளவை) 100-லேயே வைத்தால் ஏறுவதற்கு இடம் இருக்காது, 80-க்கு இறக்கிவிட்டு ரிக்கிளைச் சேருங்கள், சுடர் மங்கியும் தெளிந்தும் உயிரோடு இருக்கும். ஐந்து முகத்துக்கும் பிரதி எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அசைவு எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கும் ரேண்டம் சீட் எண்ணும் கூடவே பிரதியாகி, ஐந்து சுடரும் ஒன்றாகவே துடிக்கும். ஒவ்வொன்றிலும் ஜெனரேட் பொத்தானை அழுத்திப் புது எண் கொடுத்தால்தான் தீபம் தீபமாகத் தெரியும்.

பிறகு வாடிக்கையாளர் சமாச்சாரம். "தம்பி, மாப்பிள்ளை பேரு வர்றது சீக்கிரமா போயிடுது, கொஞ்சம் நேரத்தைக் கூட்டி வைப்பா" என்று விழாவுக்கு முதல் நாள் இரவு போன் வரும். ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சீராகக் கொண்டுபோகிற ரேம்ப் பிஹேவியரை வைத்துச் செய்திருந்தால் டைம்லைனில் அதன் பட்டையை இழுத்து நீட்டுவதோடு வேலை முடிந்தது. தொடக்க மதிப்பும் முடிவு மதிப்பும் அப்படியே இருக்கும், நடுவில் உள்ள வேகம் தானாகச் சரியாகிவிடும். ஆடியோ பிஹேவியரும் உண்டு. உறுமி மேளத்தின் பதிவை புராஜெக்ட்டுக்குள் போட்டு, கீழ் ஒலிகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் அடிக்கு அடி வேல் ஒளிரும். ஆனால் பல மேளம் ஒன்றாக முழங்குகிற பதிவில் இது குழம்பிவிடுகிறது, அங்கே கையால் கீபிரேம் வைப்பதே மேல்.

குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருக்கின்றன. பிஹேவியர் போடுகிற கோடு கீபிரேம் எடிட்டரில் தெரியும், ஆனால் அதைப் பிடித்து நகர்த்த முடியாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் கமாண்ட்-கே அழுத்திக் கீபிரேமாக மாற்ற வேண்டும். அதில் என்ன வில்லங்கம் என்றால், அந்த லேயரில் உள்ள பிஹேவியர்கள் எல்லாம் சேர்ந்து மாறிவிடும், ஒன்றை மட்டும் மாற்ற வழி கிடையாது. அதனால் மாற்றுவதற்கு முன் லேயரை ஒரு பிரதி எடுத்து அணைத்து வையுங்கள்.

எனக்குப் பெரிய குறை இன்னொன்று. ரிக்கிளும், அதைப் போலவே தாறுமாறாக அசைக்கிற ரேண்டமைஸும் ஆசிலேட் மாதிரி முடிவைத் தொடக்கத்தோடு சேர்ப்பதில்லை, திரும்ப ஓடும்போது சுடர் ஒரு துள்ளு துள்ளும். இத்தனை காலமாக வருகிற மென்பொருளில் இதற்கு ஒரு டிக் பெட்டி வைத்திருக்கலாம். இப்போதைக்கு ஒரு விநாடி கூடுதலாக எடுத்து, அந்தக் கடைசி விநாடியைத் தொடக்கத்தின் மேல் போட்டு மெல்ல மறையவிடுகிறேன். சுடருக்கு அது போதும், கூர்மையான எழுத்து அசைகிற இடத்தில் மட்டும் இரட்டையாகத் தெரியும், அங்கே ஆசிலேட்டையே போட்டுவிடுங்கள்.