இசைக் காணொளிக்கு முன் செய்யும் ஆய்வு: எது ஷாட்டை மாற்றுகிறது?

பிரிட்டனில் பள்ளிப் படிப்பின் இறுதிக் கட்டமான ஏ லெவலில் மீடியா ஸ்டடீஸ் (ஊடகவியல்) படிக்கும் மாணவர்கள் ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து அதற்கு இசைக் காணொளி எடுத்துக் கொடுப்பது நெடுங்காலமாக இருந்துவரும் செய்முறைப் பணி. ஓசிஆர் தேர்வு வாரியத்தின் பழைய ஜி324 பிரிவில் அதற்கான 100 மதிப்பெண்களில் 60 தயாரிப்புக்கும், 20 ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும், மீதி 20 பின்மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆய்வு காணொளியில் தென்பட்டாலும் தென்படாவிட்டாலும் அந்த 20 மதிப்பெண்ணில் ஒரு பங்கு கிடைத்துவிடும் என்பதால் கோப்புகள் தடித்தன. 2017இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆய்வுக்கெனத் தனி மதிப்பெண் இல்லை. சுமார் 500 சொற்களில் நோக்க அறிக்கை ஒன்று எழுதினால் போதும். ஆகவே கேள்வித்தாள், ஏற்கெனவே வெளிவந்த காணொளிகளின் அலசல், குழுக் கலந்துரையாடல், இணையத்தில் கிடைக்கும் தரவு ஆகிய நான்கு வழிகளையும் இங்கே ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்: அந்த ஆய்வைச் செய்யாமல் விட்டிருந்தால் எந்த ஷாட் வேறாக இருந்திருக்கும்?

மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் கேள்வித்தாளைத்தான். கூகுள் ஃபார்ம்ஸிலோ சர்வே மங்கியிலோ ஒரு மாலைக்குள் தயாரித்து, வகுப்புத் தோழர்களுக்கு அனுப்பி, மறுநாளே வண்ண வட்ட வரைபடங்களைப் பெற்றுவிடலாம். எளிமை அதன் பலம், ஆனால் பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. பதில் சொல்பவர்கள் எல்லாரும் அதே கல்லூரியில் படிக்கும் பதினாறு, பதினேழு வயதினர். இருபது பேர் பதில் தந்தால் ஒவ்வொருவரும் ஐந்து சதவீதம். பன்னிரண்டு பேர் கதையுள்ள காணொளியையும் எட்டுப் பேர் மேடை நிகழ்ச்சியையும் விரும்பினார்கள் என்று வைத்துக்கொண்டால், கோப்பில் அது "60 சதவீதத்தினர் கதையை விரும்புகின்றனர்" என்று கம்பீரமாக நிற்கும். அந்தப் பன்னிரண்டில் இருவர் மனம் மாறினால் இரு பக்கமும் சமமாகிவிடும். அதைவிடப் பெரிய குறை, "உங்களுக்கு எந்த வகை இசை பிடிக்கும்?" போன்ற கேள்விகள் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்புவதைத்தான் வெளிக்கொணர்கின்றன, அவர் உண்மையில் பார்ப்பதை அல்ல. அதற்குப் பதிலாக, "கடைசியாக நீங்கள் முழுவதும் பார்த்து முடித்த காணொளி எது, எந்தக் காட்சி நினைவில் இருக்கிறது?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டால் வரைபடம் போட முடியாது, ஆனால் படமெடுக்க உதவும் பதில் வரும்.

இரண்டாவது வழியான காணொளி அலசலுக்குப் பெரும்பாலான மாணவர்கள் ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் முன்வைத்த கருத்துகளைச் சட்டகமாகக் கொள்கிறார்கள். பாடல் வரிகளைக் காட்சி அப்படியே சித்திரிக்கிறதா, விரித்துக்காட்டுகிறதா, அல்லது வரிகளோடு தொடர்பற்று விலகி நிற்கிறதா என்பது ஒரு கேள்வி. இசைக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, அந்த இசை வகைக்கே உரிய வழக்கங்கள், இசை நிறுவனம் கேட்கும் பாடகரின் க்ளோசப்கள், பார்வை இன்பத்துக்கான காட்சிகள், பிற படைப்புகளைச் சுட்டும் இடங்கள் ஆகியவை மற்றவை. இவற்றைப் பட்டியலாக்கி ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு டிக் போட்டுவிட்டு நகர்வது வீண் வேலை. ஆனால் இதே முறை, பொறுமையோடு செய்தால், நான்கிலும் மிக அதிகமாகப் பலன் தருவது என்பது என் முடிவு. காரணம், அது எண்ணக்கூடிய, அளக்கக்கூடிய விவரங்களைத் தருகிறது.

நிமிடத்துக்கு 120 தாளத்தட்டுகள் உள்ள பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தட்டும் அரை விநாடி. நான்கு தட்டுகள் கொண்ட ஓர் ஆவர்த்தனம் இரண்டு விநாடி. மூன்றரை நிமிடப் பாடல் 210 விநாடி என்பதால் அதில் 105 ஆவர்த்தனங்கள் உண்டு. அதே வகையைச் சேர்ந்த காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவை ஏறக்குறைய ஆவர்த்தனத்துக்கு ஒரு கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம்) வைத்திருப்பதை மாணவர் கண்டுபிடித்தால், தமக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஷாட்கள் தேவை என்பது படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துவிடும். முப்பது ஷாட்களோடு எடிட்டிங்குக்கு உட்கார்ந்து, பாடகர் சுவரோரம் நடக்கும் அதே காட்சியை நான்காவது முறையாகச் செருக வேண்டிய நிலை வராது. கட் தாளத்தின் மேல் விழுகிறதா, சற்றுத் தள்ளி விழுகிறதா, சரணத்தில் நீண்டிருக்கும் ஷாட்கள் பல்லவியில் எவ்வளவு குறுகுகின்றன, உதட்டசைவு தெரியும் ஷாட்கள் எத்தனை என்று குறித்துவைத்தால் அந்தக் குறிப்பே ஸ்டோரிபோர்டின், அதாவது ஷாட்களை வரிசையாக வரைந்து காட்டும் படத்தொடரின், முதல் வரைவாகிவிடும். லிப் சிங்க் ஷாட்கள் பாதிக்கு மேல் என்று தெரிந்தால், பாடகராக நடிப்பவர் வரிகளை மனப்பாடம் செய்யாமல் படப்பிடிப்புக்கு வரக் கூடாது என்ற நடைமுறை முடிவும் கூடவே வந்துவிடும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அது சொல்லும். பார்ப்பவருக்கு என்ன புரிந்தது என்பதைச் சொல்லாது. குழுக் கலந்துரையாடல் உதவுவது அங்கேதான். 1940களில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முதலியோர் வானொலி நிகழ்ச்சிகளையும் பிரசாரப் படங்களையும் மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அறியப் பயன்படுத்திய உரையாடல் முறையிலிருந்து வளர்ந்தது இது. அங்கே பேசுவதற்கு முன்னால் ஒரு நிகழ்ச்சியோ படமோ இருந்தது. மாணவர்களின் குழுக்களில் பெரும்பாலும் அதுதான் இருப்பதில்லை. "ஒரு பெண் தொலைந்த நண்பனைத் தேடும் கதை எடுக்கப்போகிறோம், எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், நட்புக்கு அது அழகு, ஆய்வுக்கு அது பயனற்றது. ஸ்டோரிபோர்டு படங்களைப் பாடலோடு கோத்து ஓர் அனிமேட்டிக் செய்து, கதையை விளக்காமல் ஓடவிட்டு, "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்க வேண்டும். பேசத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் பதிலைத் தாளில் எழுதிவிட்டால், உரக்கப் பேசும் ஒருவரின் கருத்து மற்றவர்களுடையதாக மாறிவிடுவதையும் தடுக்கலாம். நடத்துபவர் இயக்குநராக இருக்கக் கூடாது. அவர் இருந்தால் கதைக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் பேசிய, படைப்பாளர் விரும்பிய வாசிப்பு, பாதி ஏற்ற வாசிப்பு, எதிர்த்த வாசிப்பு என்ற மூன்றும் அப்போது பாடப்புத்தகச் சொற்களாக இல்லாமல் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் பதில்களாகக் கிடைக்கும். தேடுகிறாள் என்று நினைத்து வரைந்ததை ஐந்து பேரில் மூவர் பின்தொடர்ந்து மிரட்டுகிறாள் என்று எழுதினால், மாற்ற வேண்டிய ஷாட் எது என்பதில் சந்தேகம் இருக்காது.

இணையத் தரவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. யூடியூபில் தெரியும் பார்வை எண்ணிக்கை, பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டவரையும் காட்சியைக் கூர்ந்து பார்த்தவரையும் ஒன்றாகவே எண்ணுகிறது. பார்வையாளர் எந்த விநாடியில் விலகினார் என்ற வரைபடத்தைச் சேனல் உரிமையாளர்தான் பார்க்க முடியும். 2022 முதல் பல காணொளிகளில் தெரியும் "அதிகம் மீண்டும் பார்க்கப்பட்ட பகுதி" என்ற கோடு சற்று உதவலாம். ஆனால் அங்கே மக்களை இழுத்தது பாடலின் மெட்டா, காட்சியா என்று அந்தக் கோடு சொல்வதில்லை. வயதுச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் ஆவணங்களைப் படிப்பது உண்மையில் பயன்தரும். பிரிட்டனின் திரைப்படத் தரச்சான்று வாரியமான பிபிஎஃப்சி 2014இல் இணைய இசைக் காணொளிகளுக்குச் சோதனை முறையில் 12, 15, 18 என்ற தரங்களைக் கொடுக்கத் தொடங்கியது. எந்த வகைக் காட்சிக்கு எந்தத் தரம் என்பதை அதன் வழிகாட்டுதல்களைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

வேலையின் வரிசையைப் பொறுத்தவரை, பாடல் முடிவானதும் அதே வகையைச் சேர்ந்த நான்கைந்து காணொளிகளின் கட் கணக்கை முடித்துவிட்டு, பிபிஎஃப்சி வழிகாட்டுதலை ஒருமுறை படித்து, அதன்பின் ஸ்டோரிபோர்டையும் அனிமேட்டிக்கையும் குழுவுக்குக் காட்டும் நாளையும் படப்பிடிப்புக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக வைத்துக்கொள்வது நல்லது. லொகேஷனை மாற்றவும் ஒரு காட்சியை முழுவதும் கைவிடவும் அந்த இடைவெளி தேவைப்படும். கேள்வித்தாளுக்கு நேரம் மிஞ்சினால் அதைத் தம் கல்லூரிக்கு வெளியே, அந்த இசையைக் கேட்கும் வேறு வயதினருக்கு அனுப்பலாம்.