தோள் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுப் பயிற்சி: யூடியூபா, ஆப்பா, வீடியோ காலா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஏ4 தாள். அதில் எட்டுக் கோட்டுப் படங்கள். நகலிலிருந்து நகல் எடுத்து எடுத்து, படத்தில் இருப்பது வலது கையா இடது கையா என்றே தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. "சார், இப்போதைக்கு முதல் மூணு மட்டும் பண்ணுங்க. மத்ததை எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன்" என்று பிசியோதெரபிஸ்ட் மூன்றாவது படத்துக்குக் கீழே பேனாவால் கோடு கிழித்துக் கொடுத்தார். மறுநாள் காலைக்குள் என் மகன் போனில் மூன்று ஆப் ஏற்றி, யூடியூபில் ஒரு பட்டியலும் சேர்த்து வைத்துவிட்டான். அடுத்த ஐந்து மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். பாதியை அழித்தும் விட்டேன்.

ஒப்பிடுவதற்கு முன்னால் என்ன ஆபரேஷன் என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு நடந்தது ரொட்டேட்டர் கஃப் தையல். ஊர்ப் பேச்சில் 'தோள் ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்பார்கள். தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண் (தசையை எலும்போடு கட்டும் நார்) எலும்பிலிருந்து பிய்ந்துபோனால், சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு, எலும்பில் குட்டி ஆணி மாதிரி ஒன்றைப் பதித்து, நூலால் இழுத்துக் கட்டுகிறார்கள். நூல் தாங்கிக்கொண்டிருக்கும் காலத்திலேயே நாண் எலும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதனால்தான் முதல் நான்கிலிருந்து ஆறு வாரம் கை ஸ்லிங்கில், அதாவது கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் தொட்டிலில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் மற்றக் கையோ புவியீர்ப்போதான் இந்தக் கையை அசைக்கலாம். பிறகு உதவியோடு தூக்குவது, பிறகு தானே தூக்குவது, மூன்று மாதம் வாக்கில் ரப்பர் பட்டையை இழுப்பது. கிழிசல் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து டாக்டர் இந்தத் தேதிகளை முன்னே பின்னே நகர்த்துவார்.

இதில் இரண்டு பக்கமும் பள்ளம். அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூடுதல். அவசரப்பட்டுத் தூக்கினால் தையல் விட்டுப்போகும். விட்டுப்போனதுகூடச் சில சமயம் வலியால் தெரிவதில்லை. என் போனில் இருந்த ஆப்கள் முதல் பள்ளத்தை மட்டுமே நினைத்துச் செய்தவை. 'இன்று இன்னும் செய்யவில்லையே' என்று நச்சரிக்கும். ஏழு நாள் விடாமல் செய்தால் பட்டாசு வெடிக்கும். முதல் ஆறு வாரம் எனக்குத் தேவைப்பட்டதோ சட்டையைப் பிடித்து நிறுத்துகிற ஆள்.

யூடியூப்

அசைவைக் காட்டுவதில் யூடியூபை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாப் அண்ட் பிராட் என்ற பெயரில் இரண்டு அமெரிக்க பிசியோதெரபிஸ்ட்கள் பல வருடமாக நடத்தும் சேனலைப் பார்த்தால், ஆங்கிலம் அரைகுறையாகப் புரிந்தாலும் கை எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது புரிந்துவிடும். தமிழில் பேசும் பிசியோக்களும் நிறைய இருக்கிறார்கள். செலவும் இல்லை.

குறை என்னவென்றால், அந்த வீடியோவுக்கு நான் யார் என்று தெரியாது. 'தோள் பயிற்சி' என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி ஆபரேஷனே ஆகாத தோள் வலிக்காரர்களுக்கானது. 'தோள் ஆபரேஷன்' என்று சேர்த்துத் தேடினாலும் சிக்கல் தீராது. இறுகிப்போன தோளை விடுவிக்கும் ஆபரேஷன் என்றால் அன்றைக்கோ மறுநாளோ கையை அசைக்கத் தொடங்கச் சொல்வார்கள். அடிக்கடி நழுவும் தோளைச் சரிசெய்த ஆபரேஷன் என்றால் கையை வெளிப்பக்கம் திருப்புவதற்குத்தான் முதலில் தடை. என் மாதிரி நாண் தைத்தவர்களுக்குத் தானாகத் தூக்குவதற்குத் தடை. ஆபரேஷனுக்கு ஆபரேஷன் விதி வேறு, தேடல் பெட்டியில் போடும் சொல் மட்டும் ஒன்று.

மூன்றாவது வாரம் ஒரு வீடியோவைப் பார்த்து, ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினேன். வீடியோவில் அவர் சிரித்துக்கொண்டே தூக்கினார். நான் அன்றிரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருந்தேன். நல்லவேளை, தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிசியோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. அதன் பிறகு யூடியூபை விட்டுவிடவில்லை, பயன்படுத்தும் முறையை மாற்றினேன். பிடித்த வீடியோவின் லிங்கை முதலில் அவருக்கு அனுப்புவேன். "40வது நொடியிலேருந்து 2 நிமிஷம் வரைக்கும் மட்டும் சார், மிச்சம் வேண்டாம்" என்று பதில் வரும். அந்த ஒரு வரியோடு சேர்ந்தால் யூடியூப் நல்ல கருவிதான்.

அப்புறம் ஒரு சின்ன எரிச்சல். வலது கை ஸ்லிங்கில், இடது கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து நிற்கும்போது விளம்பரம் ஓடும். எந்தக் கையால் அதைத் தள்ளுவது?

வாட்ஸ்ஆப்பும் பயிற்சி ஆப்பும்

நான் பார்த்த எல்லா வீடியோவிலும் சிறந்தது 50 நொடி நீளம்தான். அதில் நடித்திருப்பது நான். ஆஸ்பத்திரியில் ஊசல் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது பிசியோ என் போனிலேயே என்னைப் படமெடுத்து வைத்தார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடும் பயிற்சி அது. "உடம்பை ஆட்டுங்க சார், கையை ஆட்டாதீங்க. கை தானா ஆடட்டும்" என்று பின்னணியில் அவர் குரல். இதில்தான் சூட்சுமமே. தசை வேலை செய்கிறதா என்று மின்வாய் (எலக்ட்ரோடு) ஒட்டி அளந்து பார்த்தவர்கள், பெரிய வட்டம் போட்டாலோ கையையே சுழற்றினாலோ தைத்த தசை வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேலை வாங்கிவிடுவோம். இந்த நுணுக்கத்தைக் கோட்டுப் படம் காட்டாது. அந்தக் குரல் காட்டியது. கல்யாணப் பத்திரிகைக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் அந்த வீடியோ தொலைந்துபோகாமல் இருக்க, நான் மட்டுமே இருக்கும் ஒரு குழு தொடங்கி அதில் போட்டு வைத்தேன்.

பயிற்சி ஆப் என்பது இதையே ஒழுங்குபடுத்திய வடிவம். பிசிட்ராக் என்ற நிறுவனத்தின் பிசிஆப் இதற்கு நல்ல உதாரணம். பிசியோ தன் கணக்கிலிருந்து பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்து, எத்தனை முறை என்று போட்டு, ஒரு குறியீட்டைத் தருவார். அதைப் போட்டால் நமக்கென்று தேர்ந்தெடுத்தது மட்டும் திரையில் வரும். செய்ததும் டிக் போட்டு வலி எவ்வளவு என்று குறித்தால் அவருக்குப் போய்ச்சேரும். யூடியூபுக்கு இல்லாத குணம் இதுதான்: இந்த வாரம் வேண்டாததை நம் கண்ணில் காட்டாது. ஆனால் பிசியோ அந்தச் சேவையில் இருந்தால்தான் நமக்குப் பயன். நாமாகப் போய் இறக்கினால் காலிப் பெட்டிதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். டிக் போடும் ஆப் எதுவாக இருந்தாலும் பொய் சொல்ல விடும். இரவு பத்து மணிக்குப் படுத்தபடியே மூன்று வேளைக்கும் டிக் போட்டிருக்கிறேன்.

கேமராவும் கைக்கடிகாரமும்

விளம்பரத்தில் மிகவும் கவர்ந்தது இந்த வகை. நாம் கேமரா முன் நிற்க, உடம்பின் மேல் பச்சைக் கோடுகள் விழுந்து, 'இன்னும் கொஞ்சம் மேலே' என்று ஆப் சொல்லும். யோசனை புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் 2010இல் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த கினெக்ட் கேமராவை மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பயன்படுத்திப் பலர் ஆராய்ந்தார்கள். 2017இல் அதன் தயாரிப்பே நின்றது. இன்று அந்தத் தனிப் பெட்டி தேவையில்லை, போன் கேமராவே போதும்.

ஆனால் அது எதைப் பார்க்கிறது? கேமராப் படத்திலிருந்து உடலின் நிலையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான கூகுளின் மீடியாபைப் உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. அதில் 11 முகத்துக்கே போய்விடுகின்றன. தோளுக்குப் பக்கத்துக்கு ஒன்று. முதுகிலுள்ள தோள்பட்டை எலும்புக்கு ஒன்றுகூட இல்லை. தைத்த தோள்காரர்கள் செய்யும் கள்ளத்தனம் முழுக்க அந்த எலும்பில்தான் நடக்கிறது. மூட்டு மடங்காதபோது, தோள்பட்டையைக் காதுவரை தூக்கி, இடுப்பைப் பின்னால் வளைத்துக் கையை மேலே கொண்டுபோய்விடுவோம். மணிக்கட்டு உயர்ந்தால் போதும் என்று கணக்குப் போடும் ஆப் 'அருமை' என்று சொல்லிவிடும். தொளதொள சட்டை, புடவைத் தலைப்பு, ஸ்லிங் பட்டி எல்லாம் சேர்ந்தால் புள்ளிகளே தடுமாறும்.

கைக்கடிகாரமும் இப்படித்தான். டொராண்டோ ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், கடிகாரத்தில் அசைவை அளக்கும் உணரியை (சென்சார்) வைத்தே எந்தத் தோள் பயிற்சி நடக்கிறது என்று கணினி நன்றாக இனம் கண்டது. செய்தவர்கள் ஆரோக்கியமான தோள் உள்ளவர்கள். என்ன செய்தோம் என்று அறிவது ஒரு படி. சரியாகச் செய்தோமா என்பது அடுத்த படி. எனக்குக் கடிகாரம் இடது கையில் இருந்தது, அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சுவோர்ட் ஹெல்த், ஹிஞ்ச் ஹெல்த் போன்ற பெரிய சேவைகளில் உணரி, கேமராவோடு மறுமுனையில் பிசியோவும் இருக்கிறார். அமெரிக்காவில் பெரும்பாலும் வேலை கொடுக்கும் நிறுவனம் வழியாகத்தான் கிடைக்கிறது. பிள்ளைகள் அங்கே இருந்தால் அவர்களுக்குப் பயன்படலாம்.

வீடியோ கால்

முதலில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. தொடாமல் என்ன பார்த்துவிட முடியும் என்று நினைத்தேன். போனைச் செம்பில் சாய்த்து இடுப்பு உயரத்தில் வைத்து, ஆறடி தள்ளி நின்று, பனியனைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டச் சொன்னார் பிசியோ. கையைத் தூக்கினேன். இரண்டாவது முறையிலேயே, "தோளைக் காதுகிட்ட கொண்டு போறீங்க சார், கீழ விடுங்க" என்றார். 33 புள்ளிக்குத் தெரியாதது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. முன்னாலிருந்து காட்டினால் பயனில்லை. பக்கவாட்டிலும் பின்னாலும் காட்ட வேண்டும். பெண்கள் கையில்லாத தளர்ந்த உடையில், வீட்டுப் பெண் யாரையாவது போனைப் பிடிக்கச் சொல்லிக் காட்டலாம்.

இதிலும் ஒன்று முடியாது. கை நின்றுபோகும் இடத்தில், அது வலியால் நிற்கிறதா, இறுக்கத்தால் நிற்கிறதா என்பதைக் கையால் பிடித்துத் தள்ளிப் பார்த்துத்தான் அறிய முடியும். அதனால் ஸ்லிங்கைக் கழற்றும் நேரம், ரப்பர் பட்டை தொடங்கும் நேரம் இரண்டுக்கும் நேரில்தான் போனேன். நடுவில் வாரம் ஒரு கால் போதுமாக இருந்தது. ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகும் வேதனை மிச்சம்.

கோணம் அளக்கும் ஆப்

இது பலருக்குத் தெரியாத சின்ன உதவி. போனுக்குள் இருக்கும் உணரி புவியீர்ப்பை வைத்துச் சாய்வை அளக்கும். மேல்கையோடு போனைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கையை உயர்த்தினால் எத்தனை டிகிரி என்று காட்டும். ஆனால் உட்கார்ந்து அளந்தால் ஏமாறுவோம்: முதுகு 10 டிகிரி பின்னால் சாய்ந்தால், தோள் சம்பாதிக்காத 10 டிகிரி கணக்கில் ஏறும். மல்லாந்து படுத்து அளந்தால் இது பெருமளவு குறையும். முழங்கையை மடக்கிக் கையை வெளிப்பக்கம் திருப்புவதையும் படுத்தே அளக்க வேண்டும். நின்றுகொண்டு அளந்தால் கை தரைக்கு இணையாகச் சுழல்வதால் சாய்வே மாறாது, எண் அசையாமல் நிற்கும். இது புரியாமல் ஆப்பில்தான் கோளாறு என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

தினமும் அளப்பது வீண். காலையில் இறுகி, மாலையில் தளர்ந்து மனத்தைக் குழப்பும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம் போதும். எட்டாவது வாரத்துக்குப் பிறகு இதையும் விட்டுவிட்டேன். சுவரில் விரலால் நடந்து ஏறும் பயிற்சியில், விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பேரனுக்கு உயரம் குறித்த அதே சுவர்தான்.

இப்போது அதே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் என் மைத்துனர் கேட்டபோது சொன்னது இது: முதல் ஆறு வாரம் பிசியோ எடுத்துத் தரும் உங்கள் சொந்த வீடியோவும் போன் அலாரமும் மட்டும். நச்சரிக்கும் ஆப் எதுவும் வேண்டாம். ஆறிலிருந்து 12 வாரம் வரை வாரம் ஒரு வீடியோ கால். ரப்பர் பட்டை தொடங்கி அலுப்புத் தட்டும் மாதங்களில் டிக் போடும் ஆப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்போது நச்சரிப்பு உதவும். காய்ச்சல், துளையில் சீழ், கை வீக்கம், 'டப்' என்று சத்தம் கேட்டுக் கை திடீரென்று தூக்க வராமல் போவது, இவற்றில் எது வந்தாலும் போனில் தேடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அவரிடம் இருப்பது பட்டன் போன். பாதகமில்லை, அலாரம் அதிலும் அடிக்கும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பென்சில் நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.