சவப்பெட்டிக்குச் "சங்கத் தடை" என்று சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

அப்பாவின் பூதவுடலைத் தகனம் செய்து இன்றைக்குப் பதினோராம் நாள். துக்கம் ஆறுமுன்பே இதை எழுதுகிறேன் என்றால், மெல்பேர்ணில் உள்ள ஓர் இறுதிச்சடங்கு நிறுவனம் இல்லாத ஒரு தொழிற்சங்கப் புறக்கணிப்பைச் சொல்லி எங்களிடம் 4,860 டொலரைக் கூடுதலாக வாங்கிவிட்டது என்பது நேற்றுத்தான் உறுதியானது.

இணையத்தில் விற்கும் ஒரு சிறு வணிகரிடம் எளிய பெட்டியொன்றை வாங்குவதாக இருந்தோம். அப்பா இங்கே கார்த் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் உழைத்தவர்; சங்கச் சந்தாவை ஒரு மாதமும் தவறவிடாதவர். அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதுவதற்காக இதையெல்லாம் நிறுவனத்தின் ஆலோசகரிடம் நானே சொல்லியிருந்தேன். மறுநாள் அவர் எங்களை உட்காரவைத்து, நாங்கள் தேர்ந்த வணிகரின் பெட்டிகளைத் தகனக்கூட ஊழியர்கள் சங்கத்தின் சொற்படி புறக்கணிக்கிறார்கள் என்றும், அந்தப் பெட்டி வந்தால் அதை யாரும் தொடமாட்டார்கள் என்றும் கூறினார். பிறகு, வாழ்நாளெல்லாம் சங்கத்தோடு நின்ற மனிதர் அந்தத் தடையை மீறிய பெட்டியில் போவதை விரும்பியிருப்பாரா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவர்களுடைய பெட்டிக்கு 3,900, "சிறப்புப் பணியாளர் ஏற்பாடு" என்ற வரிக்கு 960, ஆக 4,860 டொலர் பத்தே நிமிடத்தில் போய்விட்டது.

சென்ற வாரம் அந்தச் சிறு வணிகரிடம் மன்னிப்புக் கேட்க அழைத்தபோது அவர் திகைத்துப்போனார். அதே வாரத்தில் அதே தகனக்கூடத்துக்கு அவருடைய இரண்டு பெட்டிகள் எவ்விதத் தடையும் இல்லாமல் போயிருந்தன. தகனக்கூட அலுவலகமும் அப்படியொரு தடை தங்களிடம் இருந்ததே இல்லை என்று நேற்று எழுத்தில் தந்துவிட்டது.

நிறுவனத்தை முதலில் அழைத்தபோது ஆலோசகர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த முறை கணக்குப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். கணக்குப் பிரிவோ கிளை மேலாளரிடம் திருப்பியது. கடைசியில் வந்த மின்னஞ்சலில், தடை பற்றிய தகவல் வாய்மொழியாகக் கிடைத்தது, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது நீங்கள்தான், உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்று மூன்றே வரிகள் இருந்தன. 4,860 டொலரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சொந்த முதலாளியிடம் சம்பளத்துக்காகத் தொழிலாளர் போராடுவது வேறு. அதற்குச் சட்டத்தில் இடமுண்டு, அப்பாவும் அப்படி நின்றவர்தான். தங்களுக்கு முதலாளியல்லாத ஒரு வணிகருக்குப் பெரும் இழப்பை உண்டாக்கும் நோக்கத்தோடு பலர் கைகோத்து, மற்றவர்கள் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்யவிடாமல் தடுப்பதை, போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம் 2010இன் 45டி பிரிவு இரண்டாம் நிலைப் புறக்கணிப்பு என்று பொதுவாகத் தடைசெய்கிறது. 1977இலேயே பழைய வணிக நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி இது. ஆகவே தடை மெய்யாக இருந்திருந்தால், நிறுவனம் அதைப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்திடம் முறையிட்டிருக்க வேண்டுமே தவிர, அதையே சாட்டாக வைத்து விலை கூடிய பெட்டியை எங்கள் தலையில் கட்டியிருக்கக் கூடாது. தடை பொய்யென்றால், தேவையில்லாத பொருளைத் தேவை என்று பொய் சொல்லி விற்பதை அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 29ஆம் பிரிவு தடுக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அந்த 4,860 டொலர் எங்கள் பொறுப்பல்ல.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன். தீர்ப்பாயத்துக்கான விண்ணப்பம் மேசையில் கிடப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கத் தடை என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டுமுன் தகனக்கூடத்தை நீங்களே அழையுங்கள். விக்டோரியாவில் 2006ஆம் ஆண்டின் இறுதிச்சடங்குகள் சட்டப்படி விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஆணையத்துக்கும் தெரிவியுங்கள், ஆனால் அது தனிநபரின் பணத்தை மீட்டுத் தராது. அதற்குத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகவேண்டும். கையொப்பமிடும்போது துக்கத்தில் இல்லாத ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.