கில்ட் தைக்க எந்தக் கஞ்சி? ஜவ்வரிசியா, வடிகஞ்சியா, பாட்டிலா, ஸ்ப்ரேயா

மதுரைச் சுங்குடித் துணியில் கில்ட், அதாவது வெட்டிய துண்டுகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கப் போகிறீர்கள் என்றால், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே கஞ்சி விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள். சுங்குடிப் பருத்தி மெல்லியது, குழைவானது. உடுத்த அதுதான் சுகம். ஆனால் முக்கோணமாக வெட்டினால் கிராஸ் ஓரம், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக விழும் ஓரம், கையில் பிடித்த மாத்திரத்தில் இழுபட்டுவிடும். கால் அங்குலத் தையலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர் விலகினால்கூட, 20 தையல் வரும் வரிசையில் 2 சென்டிமீட்டர் கோணிப்போகும். கஞ்சி போட்ட துணியில் பாவும் ஊடையும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) அசையாமல் நிற்கும், வெட்டு நேராக விழும், மிஷினின் பல் துணியைக் கீழே இழுக்காது.

கஞ்சி வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குக் கேள்வியே இல்லை. எந்தக் கஞ்சி என்பதுதான் கேள்வி. நான் ஜவ்வரிசிக் கஞ்சிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மற்றவற்றையும் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

ஸ்ப்ரே டப்பா வசதி என்பதைச் சொல்லவே வேண்டாம். அடித்தோம், தேய்த்தோம், முடிந்தது. வெளிநாட்டு கில்ட் வீடியோக்களில் எல்லாரும் அதைத்தான் கையில் வைத்திருப்பார்கள். ஒரு கட்டத்தை மட்டும் கடைசியாக நிமிர்த்த நல்லது. 60க்கு 90 அங்குலப் போர்வைக்கான மொத்தத் துணிக்கும் அதை அடித்தால் செலவு கையைக் கடிக்கும். மேலாக்கத்தான் படியும் என்பதால், சுங்குடி மாதிரித் துணிக்கு இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் பாட்டில் திரவம் சட்டைக்கும் வேட்டிக்கும் அருமை. தண்ணீரில் கலந்து முக்கி எடுத்தால் பளபளப்போடு நிற்கும். ஆனால் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். இந்த வகையில் சிலவற்றில் இருப்பது மாவுச்சத்து இல்லை, செயற்கைப் பாலிமர். அது ஒன்றிரண்டு அலசலிலேயே மொத்தமாகப் போய்விட வேண்டும் என்று தயாரிக்கப்பட்டதல்ல. சட்டைக்கு அது நல்ல குணம், கில்ட்டுக்கு அல்ல. ரிவைவ் மாதிரி பவுடர் கஞ்சியில் இந்தச் சிக்கல் குறைவு. அவசரத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். நான் கைக்குட்டை அளவுத் துண்டுகளுக்குத்தான் போட்டிருக்கிறேன், முழுப் போர்வைக்குப் போட்டதில்லை.

வடிகஞ்சி காசில்லாதது, நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டது. வெள்ளை வேட்டிக்கும் காடா துணிக்கும் இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் உப்புப் போட்டு வடித்த கஞ்சி கூடவே கூடாது, உப்பு ஈரத்தை இழுக்கும். அப்புறம், அரக்கிலும் மயில் நீலத்திலும் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். சுங்குடியில் இருப்பதே அந்த மாதிரி அடர்ந்த நிறங்கள்தானே. குக்கர் வந்தபின் பாதி வீட்டில் கஞ்சி வடிப்பதும் இல்லை. மைதாவைப் பற்றி ஒரே வரி: அது சுவரொட்டிக்கு.

ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. அந்த மாவின் கஞ்சி கண்ணாடி போலத் தெளிவாக வரும், அரிசிக் கஞ்சி மாதிரி கலங்கலாக இருக்காது. அதனால்தான் அடர்நிறத் துணியில் தடம் தெரிவதில்லை. மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கேட்கும்போது மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குங்கள். நைலான் ஜவ்வரிசி வெந்தாலும் மணி மணியாக நிற்கும், சீக்கிரம் கரையாது. ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, அரை லிட்டர் தண்ணீரில் கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள். வெள்ளை மறைந்து பளிங்காக வந்ததும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டராகப் பெருக்கிக்கொண்டால் சாதாரண விறைப்புக்குப் போதும். முக்கோணம் அதிகம் வரும் டிசைன் என்றால் ஜவ்வரிசியை இரட்டிப்பாக்கலாம். மதுரை வெயிலில் மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுவதுதான் நல்லது.

புதுச் சுங்குடியை அப்படியே கஞ்சியில் முக்கக் கூடாது. கடையிலிருந்து வரும்போதே அதில் கஞ்சி இருக்கும், சாயமும் விடும். முதலில் நன்றாக அலசி, தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை பார்த்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியபின் நம் கஞ்சி. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அந்தப் பெயரில் அச்சடித்த துணிதான் நிறைய விற்கிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய துணி என்றால் புள்ளி புள்ளியாகச் சின்னச் சுருக்கம் இருக்கும். அது மொத்தமாகத் தட்டையாகிவிட்டால் எனக்கு மனசு கேட்காது. அந்தத் துணிக்குக் கஞ்சியை நீர்க்க வைத்துக்கொள்கிறேன்.

கஞ்சி போடுவது வெட்டுவதற்கு முன்பு. வெட்டியபின் போட்டால் அளவு மாறும். நிழலில், உள்பக்கம் வெளியே தெரியக் காயவிட்டு, முக்கால் பதம் காய்ந்ததும் எடுத்துத் தேயுங்கள். எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அண்ணன் கஞ்சித் துணியை நீட்டினால் முதலில் தொட்டுப் பார்ப்பார். “மொடமொடன்னு காயவச்சுக் கொண்டாராதீங்கக்கா, ஈரமாக் கொண்டாங்க” என்பார். 5 கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தக் கரிப்பெட்டி ஈரத்துணியில் இறங்கினால் வரும் நேர்த்தி, வீட்டு அயர்ன் பாக்ஸில் வராது. வீட்டில் தேய்த்தால் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், பாவு ஓடும் திசையிலேயே. கஞ்சி நூலுக்குள் இறங்காமல் மேலே நின்றால் பெட்டியின் அடியில் ஒட்டிக் கருகி அடுத்த துணியில் கறையாக இறங்கும்.

இத்தனையும் சொன்னாலும், நான் ஜவ்வரிசியைப் பிடித்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் வேறு. தைத்து முடித்தபின் கஞ்சி வெளியே வர வேண்டும். சட்டைக்குப் போட்டது அடுத்த சலவையில் போகும், மறுபடி போடுவோம். கில்ட் அப்படியில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் காடா என்று மூன்றையும் சேர்த்துத் தைத்துவிடுகிறோம். உள்ளே தங்கிய கஞ்சி சாப்பாடு. ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாவுச்சத்து என்றால் உயிர். ஐப்பசி மழையில் பீரோவுக்குள் ஈரம் ஏறினால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். ராமபாணம் கஞ்சியை மட்டும் தின்றுவிட்டுப் போகாது, நூலையும் சேர்த்தே அரிக்கும். மாதக்கணக்கில் தைத்த போர்வையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடவும் முடியாது.

நீர்க்கப் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினாலே பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. வடிகஞ்சிக்கு நான் கூடுதலாக ஒன்றிரண்டு அலசல் அலச வேண்டியிருக்கிறது. பஞ்சு வைத்த போர்வை நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால் ஒரு அலசல் குறைவது சின்ன விஷயம் இல்லை. பாலியஸ்டர் பஞ்சு வைத்ததை நான் அலசிப் பார்த்ததில்லை, இது பருத்திப் பஞ்சுக்குச் சொல்வது.

முழுக்கப் போய்விட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து, காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து மிச்சம் இருந்தால் நீலமாகக் கறுக்கும், இல்லையென்றால் மருந்தின் வெளிர் பழுப்பிலேயே நிற்கும். தண்ணீர் ஆறியபின் செய்யுங்கள், சூட்டில் அந்த நீலம் தெரியாது. போர்வையின் மேல் மட்டும் விட்டுவிடாதீர்கள், கறை பிடிக்கும்.

கஞ்சி போட்டு வெட்டிவைத்த துண்டுகளுக்கும் இதே கவலைதான். அந்த மாதத்துக்குள் தைக்கப் போவதில்லை என்றால் கஞ்சியே போடாமல், அலசிய துணியாக மடித்து வையுங்கள். வெட்டும் நாளுக்கு முந்தைய நாள் கஞ்சி காய்ச்சி, அன்றே துணிக்குப் போட்டுக்கொள்ளலாம்.