மாடல் விமானத்துக்கு எந்த வண்டி? ஹேட்ச்பேக் முதல் டிரெய்லர் வரை

மாடல் விமானம் பறக்கவிடுபவர்கள் புது வண்டி பார்க்கப் போனால், டிக்கி எத்தனை லிட்டர் என்றுதான் விற்பவர்கள் முதலில் சொல்வார்கள். அந்த எண்ணால் நமக்குப் பெரிய பயன் இல்லை. விசாலமான டிக்கி உள்ள செடானில் நுழையாத விமானம், அதைவிடச் சின்ன ஹேட்ச்பேக்கில் அலுங்காமல் போய்விடும். லிட்டர் கணக்கு பெட்டி படுக்கைக்குச் சரி. விமானத்துக்கு வேண்டியது நீளமும், கதவுத் திறப்பும், மேடு பள்ளம் இல்லாத தளமும்.

இன்னொன்று, இறக்கையின் அகலத்தை வைத்து வண்டியை முடிவு செய்ய வேண்டாம். கொஞ்சம் பெரிய விமானங்களில் இறக்கை இரண்டு பாதியாகக் கழன்றுவிடும். கார்பன் அல்லது அலுமினியக் குழாய் ஒன்றுதான் இரண்டையும் சேர்க்கிறது. கழலாமல் நிற்பது உடல். 50 சிசி பெட்ரோல் என்ஜின் வைத்த ஏரோபாட்டிக், அதாவது வானில் சாகசம் காட்டும் விமானத்தின் இறக்கை சுமார் 2.2 மீட்டர். பிரித்தால் ஆளுக்கு 1.1 மீட்டர், எங்கேயும் செருகலாம். உடலோ 2 மீட்டரை ஒட்டி, ஒரே துண்டாக நிற்கும். எஃப்3ஏ என்ற ஏரோபாட்டிக் போட்டி வகை விமானங்களுக்கு விதியே நீளமும் அகலமும் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். காற்றோட்டத்தில் மிதந்து பறக்கும் கிளைடர் இதற்கு நேர்மாறு. 4 மீட்டர் இறக்கை உள்ள எஃப்5ஜே என்ற போட்டி வகைக் கிளைடர் பல துண்டுகளாகப் பிரியும். உடல் மெலிந்தது, நீளமும் குறைவு. ஆகவே 4 மீட்டர் கிளைடர் சின்னக் காரில் போகும், 2.2 மீட்டர் ஏரோபாட்டிக் போகாது. வண்டியை உடலின் நீளத்துக்குப் பாருங்கள். அடுத்ததாக, வாலில் இருக்கும் கிடை இறக்கையின் அகலத்தைப் பாருங்கள். அது கழலாத மாடலாக இருந்தால் டிக்கி வாசலில் இடிக்கப்போவது அதுதான்.

செடானைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1.2 மீட்டர் ஃபோம் விமானம் ஒன்றிரண்டு என்றால் போதும். அதற்கு மேல், பின் சீட்டை மடக்கினாலும் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள திறப்பு குறுகலாக இருப்பதால் வால் உள்ளே போகாது.

ஹேட்ச்பேக்கைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். பின் சீட்டை மடக்கி, முன்பக்கப் பயணி சீட்டையும் முழுக்கச் சாய்த்துவிட்டால், டாஷ்போர்டிலிருந்து டிக்கிக் கதவு வரை ஒரு நீளமான பாதை கிடைக்கும். ஹோண்டா ஜாஸ் இதில் தனி ரகம். அதன் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுகளுக்கு அடியில் இருப்பதால் பின்தளம் நன்றாகத் தாழ்ந்திருக்கும். பின் சீட்டை முன்னால் மடக்கலாம், அடிப்பலகையை மேலே தூக்கியும் நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் கதவு வழியாகவே இறக்கைகளைச் செங்குத்தாக வைத்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், இப்படிப் போகும்போது வண்டியில் ஓட்டுநர் மட்டுமே உட்கார முடியும். தனியாகப் பறக்கப் போகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அடுத்ததைப் பார்க்கட்டும்.

அடுத்தது ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்கதவு வரை நீளும் கார். 2 மீட்டர் வகை விமானங்களோடு நின்றுவிடுபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். தளம் தாழ்வு, சீட்டை மடக்கினால் நீளம், சஸ்பென்ஷன் காருக்கே உரிய மென்மை. விமானம் குலுங்காமல் போவது சின்ன விஷயம் இல்லை. குலுக்கலில் திருகுகள் தளர்வதும், பால்சா என்ற லேசான மரத்தின் மூட்டுகளில் பசை விடுவதும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். குறை என்றால் கூரைத் தாழ்வு. ஒரு விமானத்துக்கு மேல் இன்னொன்றை அடுக்க முடியாது.

எஸ்யூவியை நினைத்தால்தான் எனக்கு ஆதங்கம். வெளியே அவ்வளவு பெரிதாகத் தெரிகிற வண்டி, உள்ளே விமானத்துக்கு அவ்வளவு இடம் தருவதில்லை. பின்கண்ணாடி முன்னோக்கிச் சரிந்திருக்கும். விமானத்தின் செங்குத்து வால் சரியாக அந்த இடத்தில்தான் முட்டும். மூன்றாவது வரிசை உள்ள மாடல்களில் சீட்டை மடக்கினாலும் தளத்தில் ஒரு படி நிற்கலாம். தளம் உயரமாக இருப்பதால் 7, 8 கிலோ விமானத்தை இடுப்புக்கு மேல் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும், அதுவும் காற்று வீசும் மைதானத்தில். ஆனால் மைதானத்துக்குப் போகிற பாதை குண்டும் குழியுமாக, மழையில் சேறாகிற மண்பாதை என்றால் எஸ்யூவியின் உயரம் கைகொடுக்கும். அந்த ஒரு காரணம் இருந்தால் வாங்கலாம். இடம் நிறைய இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சரி, மினிவேன். 50 சிசி விமானமும் வேண்டும், குடும்பமும் அதே வண்டியில் போக வேண்டும் என்றால் மற்ற எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. பெரிய மினிவேன்களில் பின் சீட்டுகளை எடுத்துவிட்டால் 4 அடிக்கு 8 அடி ப்ளைவுட் பலகை, அதாவது 1.22 மீட்டருக்கு 2.44 மீட்டர், படுத்த நிலையில் உள்ளே போகும். அந்த அளவு போதும். விமானத்தின் உடல் நடுவில், இறக்கைப் பைகள் ஒரு பக்கம், சார்ஜர் பெட்டியும் கருவிகளும் இன்னொரு பக்கம் என்று வைக்கலாம். பக்கக் கதவு நகரும் கதவாக இருப்பது இன்னொரு வரம்: காற்றடிக்கும்போது டிக்கியைத் திறக்காமலே இறக்கையை எடுக்கலாம். சீட்டு எப்படி மறைகிறது என்பதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம். கிரைஸ்லர் 2005 மாடலிலிருந்து இரண்டாவது வரிசையும் தரைக்குள்ளேயே மடங்கிப் போகும் அமைப்பைக் கொண்டுவந்தது. இரண்டே நிமிடத்தில் தளம் தயார். அதே நிறுவனத்தின் பசிஃபிகா ஹைப்ரிட்டில் இரண்டாவது வரிசைக்கு இந்த வசதி கிடையாது, சீட்டு மடங்கவேண்டிய இடத்தில் பேட்டரி இருக்கிறது. சீட்டைக் கழற்றி எடுக்கவேண்டிய மாடல் என்றால், கனமான அந்தச் சீட்டுகளை வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கழற்றவே முடியாத மாடல்களும் உண்டு. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

மினிவேன் நீளமாகத் தோன்றுகிறவர்களுக்கு ரெனோ காங்கூ, சிட்ரோயன் பெர்லிங்கோ, ஃபோக்ஸ்வாகன் கேடி போன்ற சின்ன வேன்கள் உண்டு. சதுரமாக, உயரமாக, பின்பக்கம் நேராக வெட்டியதுபோல் இருக்கும். அதனால் செங்குத்து வால் எதிலும் முட்டாது, மேலே தட்டு அடித்து இரண்டு அடுக்காகவும் வைக்கலாம். மேலே திறக்கும் கதவு உள்ள மாடலாகப் பாருங்கள். திறந்தால் வெயிலுக்கும் தூறலுக்கும் ஒரு கூரை கிடைக்கிறது.

100 சிசி விமானம் வைத்திருப்பவருக்குத் தேர்வு சுருங்கிவிடுகிறது. இறக்கை 2.6 மீட்டரைச் சுற்றி, எடை 12 கிலோ வாக்கில். உடலும் அதற்கேற்ற நீளம். ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற சரக்கு வேன்தான் நிம்மதி. உயரக் கூரை மாடலில் உள்ளே நின்று வேலை செய்யலாம், சுவரில் இறக்கைக்குத் தட்டுகள் அடிக்கலாம். நடுவே தடுப்பு இருந்தால் பெட்ரோல் வாடையும், சின்ன க்ளோ என்ஜின்களுக்கு ஊற்றும் மெத்தனால் கலந்த எரிபொருளின் நெடியும் ஓட்டுநரிடம் வராது. விலையாகக் கொடுப்பது எதை என்றால், சரக்குப் பகுதியில் ஏசி இருக்காது, வெறும் தகரச் சுவர் வெயிலில் தகிக்கும். பால்சா விமானத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் சூட்டில் சுருங்கும், தளரும். கருநிறமாக இருந்தால் சீக்கிரமே சுருக்கம் விழும். ஃபோம் விமானத்தின் மேற்பரப்பு கொப்பளிக்கும். கூரைக்கும் சுவருக்கும் வெப்பத் தடுப்பு போடாமல் சரக்கு வேனை விமானத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை எந்த வண்டியிலுமே வெயிலில் விட்டுப் போகக் கூடாது. மினிவேனிலும் காரிலும் பேட்டரி ஏசிக் காற்றில் நம்மோடு வருகிறது என்பது அவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண்.

பிக்கப்பில் 8 அடி நீளத் தொட்டி கிடைத்தாலும், மேலே மூடி போடாமல் விமானம் ஏற்றுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இறக்கை என்பதே காற்றில் எழுவதற்காகச் செய்த பொருள். நெடுஞ்சாலை வேகத்தில் அதைக் கயிற்றை நம்பி விடுவதா? கெட்டியான மூடி போட்டால் மழைக்கும் காற்றுக்கும் பயமில்லை. ஆனாலும் சுமை இல்லாத பிக்கப் நன்றாகவே குதிக்கும், அதனால் அடியில் தடிமனான ஃபோம் வேண்டும். இரட்டைக் கேபின் மாடல் என்றால் தொட்டி பெரும்பாலும் ஐந்தரை அடியில் முடிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூடிய டிரெய்லருக்கு ஒரு நல்ல நியாயம் இருக்கிறது: அன்றாட வண்டி சின்னதாகவே இருக்கலாம், விமானங்கள் டிரெய்லரிலேயே தங்கலாம். மூன்று நான்கு பெரிய விமானங்களோடு நிகழ்ச்சிகளுக்குப் போகிறவருக்கு அது பொருந்தும். வாரம் ஒருமுறை ஒரு விமானத்தோடு போகிறவருக்கு வீண் பாரம். சுமை குறைந்த டிரெய்லர் பிக்கப்பை விட மோசமாகத் துள்ளும்; மண்பாதையில் கதவு இடுக்கு வழியாகத் தூசியும் உள்ளே வரும். அப்புறம், அதை நிறுத்துவதற்கும் இடம் தேட வேண்டும்.

மின்சார வண்டியை இந்தப் பொழுதுபோக்குக்கு நான் ஆர்வமாகப் பார்க்கிறேன். ஹூண்டாய் அயோனிக் 5 போன்றவற்றில் வண்டியின் பேட்டரியிலிருந்தே வெளியே 3.6 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கலாம். மின் மோட்டார் விமானம் பறக்கவிடுபவர் மைதானத்திலேயே விமானத்தின் பேட்டரிகளைச் சார்ஜ் செய்துகொள்ளலாம், ஜெனரேட்டர் சத்தம் கிடையாது. இடத்தைப் பொறுத்தவரை அது எஸ்யூவிக்கும் ஹேட்ச்பேக்கிற்கும் நடுவில்தான், சரிந்த பின்கண்ணாடியும் சேர்த்து.

எதை வாங்குவதாக இருந்தாலும், பெரிய அட்டை ஒன்றில் விமான உடலின் பக்கவாட்டு உருவத்தையும், இன்னொன்றில் கிடை வாலின் அகலத்தையும் அசல் அளவில் வெட்டி ஷோரூமுக்கு எடுத்துப் போங்கள். டேப்பால் அளந்தால் வளைவுகள் தெரியாது, அட்டை நுழைகிறதா இல்லையா என்பது உடனே தெரியும். மூக்கு முன்பக்கம் இருக்கும்படி வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது கனமான அந்த முனை சீட்டின் முதுகில் ஃபோம் வைத்து நிற்கட்டும். பிறகு பின்கதவை மெதுவாக மூடி, ரட்டருக்கும் (செங்குத்து வாலில் அசையும் பகுதி) கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்யுமுன் ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். முன்னால் இழுத்து நிறுத்திய சீட்டை வைத்து அளந்தால் கிடைப்பது நீங்கள் ஓட்டப்போகிற வண்டியின் நீளம் இல்லை.